தூய தங்கத்தில் நீர் நிற்குமா, பரவுமா?

ஓர் உலோகத் தகட்டின் மேல் நீர்த்துளி ஒன்றை வைத்து, அது குவிந்து நிற்கிறதா, பரந்து படிகிறதா என்று பார்ப்பது, மேற்பரப்பு அறிவியலில் மிக எளிய சோதனையாகத் தோன்றும். தகட்டைத் தவிர ஒரு நுண்ணூசியும் ஒரு விளக்கும் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் உருப்பெருக்கி ஒன்றும் இருந்தால் போதும். துளியின் விளிம்பு தகட்டைத் தொடும் இடத்தில், நீருக்கு உட்புறமாக அளக்கப்படும் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். இக்கோணம் திடப்பொருள், நீர், காற்று ஆகியவற்றுக்கு இடையிலான பரப்பு இழுவிசைகளின் சமநிலையால் அமைகிறது என்பதை 1805 ஆம் ஆண்டிலேயே தாமஸ் யங் விளக்கிவிட்டார். கோணம் சுழியமானால் நீர் முழுவதும் பரவுகிறது என்று பொருள். 90 பாகையைத் தாண்டினால் அப்பரப்பை நீர்வெறுக்கும் பரப்பு என்பது வழக்கம். இத்தனை எளிய சோதனைக்குத் தங்கம் அளித்த விடை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் மாறியது. 1960களில் கிளம்பிய அந்த வழக்கு 1980 வாக்கில்தான் ஓய்ந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் செய்து பார்த்துக் காண முடியாமற்போவதற்கு எத்தனை வகையான காரணங்கள் இருக்கக்கூடும் என்பதை, உலோகத்தையும் நீரையும் வைத்துத் தொழில் செய்பவர்கள் இந்த வழக்கிலிருந்துதான் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறார்கள்.

வழக்கின் வேர் நீராவியில் இருக்கிறது. குளிர்ந்த உலோகக் குழாயின் மேல் நீராவி படிந்து நீராகும்போது அது தொடர்ச்சியான படலமாகவும் அமையலாம், தனித்தனித் துளிகளாகவும் அமையலாம். படலம் வெப்பத்துக்கு ஒரு தடை; அதன் கணக்கை 1916 இல் வில்ஹெல்ம் நுசெல்ட் வகுத்தார். துளிகளாகப் படியும்போது அவை உருண்டு ஓடி, வெற்று உலோகத்தை ஓயாமல் ஆவிக்குத் திறந்துவிடுவதால், வெப்பம் கடக்கும் வேகம் பல மடங்கு கூடுகிறது என்பதை 1930 இல் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். அன்றுமுதல் துளிகளை நிலையாகப் பெறுவதே கண்டென்சர் வடிவமைப்பாளர்களின் கனவாயிற்று. எண்ணெய்த்தன்மையுள்ள பொருளைக் குழாயில் பூசினால் துளி கிடைக்கும்; ஆனால் பூச்சு கழுவப்பட்டுப் போய்விடும். கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டங்களுக்கு அமெரிக்க அரசு பணம் ஒதுக்கிய 1960களில், பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் எர்ப், பூச்சு எதுவும் இல்லாத தங்கப் பரப்பில் நீராவியைத் தொடர்ந்து செலுத்தியும் துளிகள் நீடித்ததாக அறிவித்தார். காய்ச்சி வடித்த நீர் ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கும் பரப்பில் அழுக்கு எப்படித் தங்கும், ஆகவே நீரை ஒதுக்குவது தங்கத்தின் சொந்தக் குணமே என்ற வாதம் கேட்பவர்களுக்கு வலுவாகவே பட்டது.

இதற்கு 1965 இல் மேலும் ஓர் ஆதாரம் சேர்ந்தது. வாஷிங்டனில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் பியூவிக்கும் வில்லியம் ஸிஸ்மனும், தங்கத்தையும் பிளாட்டினத்தையும் தூய்மையாக்கிய வாயு ஓட்டத்தில் உயர் வெப்பத்துக்குச் சூடாக்கிக் குளிர்வித்து, தங்கத்தின் மேல் நீரின் சேர்கோணம் ஏறத்தாழ 60 பாகை என்று அளந்தார்கள். ஸிஸ்மன் சாதாரண அளவீட்டாளர் அல்லர். திடப்பரப்புகளில் நீர்மங்கள் நனைவதைப் பற்றிய அன்றைய அறிவில் பெரும்பகுதி அவருடைய கூடத்திலிருந்து வந்தது. அவர் கூடத்தில் தூய்மை குறைவாக இருந்தது என்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

கணக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. மின்சுமையற்ற மூலக்கூறுகள்கூட ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும் லண்டன் விசை எனப்படும் பொது ஈர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நீர்மம் ஒரு திடப்பொருளில் எவ்வளவு ஒட்டும் என்று கணிக்கும் முறை ஒன்றைப் பிரெடெரிக் பௌக்ஸ் வகுத்திருந்தார். அறை வெப்பத்தில் நீரின் பரப்பு இழுவிசையான மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டனில், லண்டன் விசையின் பங்கு 21.8 மட்டுமே என்பது அவருடைய மதிப்பீடு. நீர் ஒரு பரப்பில் முழுவதும் பரவ வேண்டுமானால், இம்முறைப்படி, அத்திடப்பொருளின் லண்டன் பங்கு ஏறக்குறைய 243 ஐ எட்டினால் போதும். மொத்தப் பரப்பு ஆற்றல் ஆயிரத்தையும் தாண்டும் தங்கத்தைப் போன்ற ஒரு கன உலோகத்துக்கு இது பெரிய எல்லை அல்ல. அதாவது, தங்கத்துக்கும் நீருக்கும் இடையே வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நீர் பரவியே தீர வேண்டும். துளி நின்றது என்றால் ஒன்று கோட்பாடு பிழை, அல்லது தகட்டில் இருந்தது தங்கம் அல்ல.

இங்கேதான் வழக்கு சுவையாகிறது. நீர் பரவுவதைக் கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு எதிராகவும் ஒரு சாட்சி கிடைத்தது. தங்கத்தை மெருகேற்றப் பயன்படும் அலுமினா போன்ற தேய்ப்புத்தூளின் துகள்கள் மென்மையான தங்கத்தில் புதைந்து தங்கிவிடுகின்றன என்றும், அந்த ஆக்சைடுத் துகள்களே நீரை ஈர்க்கின்றன என்றும் வொயிட், ட்ரோபெக் இருவரும் 1966 இல் எழுதினார்கள். ஆகவே துளி நின்றால் எதிர்த்தரப்பார் எண்ணெய்ப்பசை என்றார்கள். பரவினால் மறுதரப்பார் ஆக்சைடு என்றார்கள். பரப்பு தூய்மையாக இருக்கிறதா என்பதை அறியச் சரியான விடை வந்ததா என்று பார்க்க வேண்டும். விடை சரிதானா என்பதை அறியப் பரப்பு தூய்மையாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். அறிவியல் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் ஈர்ப்பலைத் தேடலை ஆராய்ந்து பிற்காலத்தில் விவரித்த வட்டச் சுழல் இதுவேதான். ஆனால் தங்கத்தின் மேல் துளி வைத்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பெயர் கிடைக்கும் முன்பே அதில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மின்முலாம் பூசும் பட்டறைகளுக்கோ இந்தச் சங்கடமே இல்லை. அங்கே கழுவி எடுத்த உலோகத்தின் மேல் நீர்ப்படலம் முறியாமல் அரை நிமிடம் நின்றால் சுத்தம், இடையில் திட்டுத்திட்டாக விலகினால் மறுபடியும் கழுவு என்பதே சட்டம். இயற்பியலாளர்கள் கட்டுரை எழுதி வாதாடிய கேள்வியின் ஒரு பக்கத்தை முலாம் பூசுபவர்கள் தொழில்விதியாகவே கைக்கொண்டிருந்தார்கள் என்பதில் ஒரு குறும்பான நியாயம் இருக்கிறது.

சோதனை மேசையில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் இரு தரப்பாரின் நேர்மையையும் ஐயுற வேண்டியதில்லை என்பது விளங்கும். கண்ணாடித் தகட்டில் ஆவியாக்கிப் படியவைத்த தங்கப் படலம் ஒன்றை ஹைட்ரஜன் சுடரில் காட்டி, மங்கிய சிவப்பு தோன்றியதும் விலக்கி, சூடு ஆறிய உடனே துளியை இறக்கினால், ஊசி நுனியிலிருந்து விடுபட்ட கணத்திலேயே நீர் தட்டையாகி ஓடி, பக்கவாட்டுக் காமிராவின் பார்வையிலிருந்தே மறைந்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஓரத்தில் வண்ண வளையங்கள் மட்டும் தெரியும். அதே தகட்டை மூடிய பெட்ரிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்திவிட்டு வந்து துளியிட்டால், அது தடித்த ஓரத்துடன் நின்றுவிடும். மறுநாள் பார்த்தால் தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்லுமளவுக்கு இல்லாவிடினும், 60 முதல் 80 பாகை வரை எழும்பிய, அழகான, மீண்டும் மீண்டும் ஒரே அளவு தருகிற குவிந்த துளி கிடைக்கும். இந்தக் கடைசிச் சொற்றொடரில்தான் ஆபத்து இருக்கிறது. அழுக்கு ஏறி முடிந்த பரப்பு நிலையானது. அது காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணைத் தரும். தூய பரப்போ நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டிருக்கும். புள்ளிவிவர ஒழுங்கை நம்புகிற அளவீட்டாளர் எதை உண்மையென்று கொள்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காற்றில் அழுக்கு ஏறும் வேகத்தைப் பற்றிய கணக்கு ஒன்று இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படுவது வழக்கம். வளிமண்டல அழுத்தம் 760 டார்; ஒரு டாரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தமுள்ள வாயு, தொடும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமானால், ஏறக்குறைய ஒரு நொடியில் பரப்பு முழுவதையும் ஒற்றை மூலக்கூறு அடுக்கால் மூடிவிடும். இர்விங் லாங்மியூரின் பெயரால் அழைக்கப்படும் அலகு இந்த அளவையே குறிக்கிறது. கூடத்துக் காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவில் எண்ணெய்த்தன்மையுள்ள ஹைட்ரோகார்பன் ஆவி இருந்தாலே, அதன் பகுதி அழுத்தம் மேற்சொன்ன அளவை நெருங்கிவிடுகிறது. எல்லா மூலக்கூறும் ஒட்டுவதில்லை என்பதால் நொடி நிமிடமாகலாம், நாளாக ஆகாது. இந்த ஆவி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வெற்றிடப் பம்பின் எண்ணெய், கையுறையின் மென்மையாக்கி, நெகிழிக் கிண்ணம், சிலிக்கோன் கிரீஸ், தரை மெழுகு, மனிதத் தோல் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கொடிய கரைசலில் தங்கத்தை முக்கி எடுத்துவிட்டு, அதை உலரவைக்கக் குழாய்வழி வரும் அழுத்தக் காற்றை ஊதி, அக்காற்றோடு வரும் கம்பிரசர் எண்ணெயைப் பூசிவிடுகிற காட்சியைக் காணாத ஆய்வுக்கூடம் அரிது.

வட்டத்தை உடைக்க, நீரைச் சாட்சிக்கு அழைக்காமலே பரப்பின் தூய்மையைச் சொல்லும் வழி ஒன்று வேண்டியிருந்தது. அதற்கும் முன்பாக, காற்றே படாமல் சோதனையை முடிக்கும் வழி ஒன்று வேண்டியிருந்தது. இரண்டாவதை முதலில் செய்தவர் மால்கம் ஷ்ரேடர். மீயுயர் வெற்றிடம் எனப்படும், வாயு மூலக்கூறுகள் மிக அரிதாகிவிட்ட கலத்துக்குள் தங்கப் பரப்பைத் தயாரித்து, கலத்தைக் காற்றுக்குத் திறக்காமலேயே அதன் மேல் நீரைக் கொண்டுவந்து, நீர் முழுவதும் பரவுகிறது என்று 1970 இல் அவர் அறிவித்தார். தாதுக்களை நுரையில் மிதக்கவைத்துப் பிரிக்கும் துறையோடு தொடர்புடைய கார்ட்னரும் வுட்ஸும் தங்கமும் பிளாட்டினமும் நீர்விரும்புபவையே என்று 1977 இல் மின்வேதி வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள். முதல் தேவையை நிறைவேற்றியது ஓஷே நிறமாலையியல்: பரப்பின் மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அங்கிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கொண்டு மேலடுக்கில் எந்தெந்தத் தனிமம் இருக்கிறது என்று சொல்லும் முறை அது. 1980 இல் டாம் ஸ்மித், பரப்பில் கார்பன் ஏறுவதையும் சேர்கோணம் உயர்வதையும் இணைத்துக் காட்டியபோது வழக்கு ஏறக்குறைய முடிந்தது. துளியிடம் கேட்காமலே பரப்பின் நிலையைச் சொல்ல முடிந்ததால், துளியின் சாட்சியத்தை இனி எடைபோட முடிந்தது.

எர்ப்பின் தங்கக் குழாய் என்னவாயிற்று என்று கேட்கலாம். வில்கின்ஸ், பிராம்லி, ரீட் மூவரும் 1973 இல், நீராவியிலும் தங்கத்திலும் கரிமப்பொருள் கலவாதபடி காத்துக்கொண்டால் தங்கத்தின் மேலும் படலமே அமைகிறது என்று காட்டினார்கள். ஆவி கழுவிக்கொண்டே இருப்பதால் அழுக்குத் தங்காது என்ற வாதம் தலைகீழானது. ஆவியே அழுக்கைச் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் எர்ப் கண்டது பொய்யல்ல. எந்த ஆலையின் ஆவியிலும் சிறிதளவு கரிமப்பொருள் இருந்தே தீரும்; ஆக்சைடு மூடாத தங்கம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; துளி கிடைக்கிறது. பொறியாளருக்குத் தேவையான விளைவு நிற்கிறது, இயற்பியலாளர் அதற்குச் சொன்ன காரணம் விழுகிறது. மறுசோதனைத் தோல்வியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே மூச்சில் ‘பொய்த்துவிட்டது’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது.

அண்மைக் காலத்தில் இந்தப் பிரிவினை மிகவும் தேவைப்படும் இடம் துத்தநாகம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் பொல்லாக் குழுவினர், நாஃபியான் என்ற பாலிமர்ப் படலத்தை ஒட்டிய நீரில், மிதக்கும் நுண்துகள்கள் எல்லாம் விலகிச்சென்று நூற்றுக்கணக்கான மைக்ரான் அகலத்துக்கு வெறும் நீரே எஞ்சுவதைக் கண்டு, அதை விலக்கு மண்டலம் என்று அழைத்தார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொதுவாக, ஒரு பரப்பு நீர் மூலக்கூறுகளின் அடுக்குமுறையை மாற்றுவது ஒரு சில மூலக்கூறு அடுக்குகள்வரைதான். ஆகவே இவ்வளவு அகன்ற மண்டலத்துக்கு நீரின் புதியதொரு கட்டமைப்பே காரணம் என்று அக்குழு சொன்னது பலரைத் திகைக்கவைத்தது. 2012 இல் சில உலோகங்களை ஒட்டியும் இத்தகைய மண்டலம் காணப்படுவதாகவும், துத்தநாகத்தில் அது அகலமானது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

துத்தநாகம் நீரில் சும்மா இருக்கும் உலோகமன்று. அது மெல்ல அரிக்கப்பட்டுத் துத்தநாக அயனிகளையும் ஹைட்ராக்சைடு அயனிகளையும் நீரில் விடுகிறது; இவற்றுள் ஹைட்ராக்சைடு பல மடங்கு வேகமாக விரவுகிறது. வேகமான எதிர்மின் அயனி முன்னே ஓட, மந்தமான நேர்மின் அயனி பின்தங்க, நீருக்குள் ஒரு மெல்லிய மின்புலம் உண்டாகிறது. செறிவு மாறிக்கொண்டே போகும் கரைசலில் மின்சுமையுள்ள துகள்கள் தாமாக நகரத் தொடங்குகின்றன. இந்த நகர்ச்சிக்கு டிஃப்யூஷியோபோரெசிஸ் என்று பெயர். இதை 1940களிலேயே விளக்கியவர் சோவியத் வேதியியலாளர் போரிஸ் டெர்யாகின். நுண்குழாய்களில் நீர் புதுவகைக் கட்டியான நீராக மாறுகிறது என்று 1960களில் உலகையே நம்பவைத்து, 1973 இல் அது மாசின் விளைவே என்று ஒப்புக்கொண்டவரும் அவரே. நீரின் விந்தைகளுள் ஒன்றை உருவாக்கியவர் இன்னொன்றுக்கான மருந்தையும் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தார் என்பது இத்துறையின் வரலாற்றில் விளைந்த ஒரு வேடிக்கை. நாஃபியானைப் பொறுத்தவரை, அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஷர் 2013 இல் கரைபொருள் செறிவு வேறுபாட்டை வைத்து மாற்று விளக்கம் தந்தார். அடுத்த ஆண்டில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரைச் சேர்ந்த குழு ஒன்று, அயனிப் பரிமாற்றமும் டிஃப்யூஷியோபோரெசிஸும் சேர்ந்து மண்டலம் வளரும் விதத்தை அளவுகளோடு விளக்கியது.

துத்தநாகச் சோதனையை இன்னொரு கூடத்தில் செய்து பார்ப்பவருக்கு மண்டலம் சில வேளை கிடைக்கும், சில வேளை கிடைக்காது, சில வேளை துகள்கள் உலோகத்தை நோக்கியே வரும். இதில் வியப்பில்லை. துகளின் மின்சுமை நேர்மின்னா எதிர்மின்னா என்பதைப் பொறுத்து நகரும் திசை மாற வேண்டும். தகட்டைத் தேய்த்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்து அரிமானத்தின் வேகம் மாறும். துகள்களோடு வரும் சோப்புத்தன்மையுள்ள சேர்பொருளைக் கழுவியெடுத்தார்களா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். மிகத் தூய நீர்கூடக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, அதன் பிஎச் மதிப்பு 7 இலிருந்து 5.6 வரை இறங்கிவிடும். நுண்ணோக்கியின் விளக்குச்சூடு நீரில் மெல்லிய ஓட்டங்களை எழுப்பும். ‘எங்களுக்குக் கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரி அறிக்கை இங்கே நீரின் கட்டமைப்புக் கொள்கைக்கு எதிரான சாட்சியாகவும் ஆகாது, ஆதரவாகவும் ஆகாது. இரு மின்சுமைத் துகள்களையும் ஒரே கலத்தில், ஒரே தகட்டில் போட்டுப் பார்த்த அறிக்கையே எடைபெறும். ஏனென்றால் கட்டமைப்பு காரணமானால் இரண்டும் விலக வேண்டும், மின்புலம் காரணமானால் அவை எதிரெதிர்த் திசைகளில் செல்ல வேண்டும்.

வெற்றிடக் கலத்துக்குள் சென்றுவிட்டால் இத்தொல்லைகள் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ருத்தேனியம் விடை சொல்லும். அவ்வுலோகத்தின் நெருங்கிய அடுக்குள்ள முகத்தில் படிந்த முதல் நீரடுக்கு, பனிக்கட்டியைப் போல மேடுபள்ளமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது; ஹெல்டும் மென்செலும் 1994 இல் எலக்ட்ரான் விளிம்புவளைவால் அளந்தபோது ஆக்சிஜன் அணுக்கள் ஏறக்குறைய ஒரே தளத்தில் இருந்தன. 2002 இல் பீட்டர் பெய்பெல்மன், பாதி நீர் மூலக்கூறுகள் உடைந்திருந்தால் இது பொருந்தும் என்று கணித்தார். பின்பு செய்யப்பட்ட சோதனைகளில், அளக்கப் பயன்படும் எலக்ட்ரான் கற்றையும் எக்ஸ் கதிருமே நீரை உடைக்கவல்லவை என்பது தெளிவாயிற்று. ஆகவே ஒரு கூடம் உடைந்த நீரையும் இன்னொரு கூடம் உடையாத நீரையும் கண்டதில், கற்றை எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதும் ஒரு காரணி.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, விந்தையான விளைவு எப்போதும் அழுக்கின் விளைவு என்றும், தூய்மையாகச் செய்பவர் அதைக் காணாமல்போவதே இயல்பு என்றும் ஒரு பாடம் எழுதிவிடலாம். பலர் எழுதியும் இருக்கிறார்கள். பிளாட்டினத்தின் கதை அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டது. பிளாட்டின மின்முனையை அமிலக் கரைசலில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றியிறக்கி, ஓடும் மின்னோட்டத்தை வரைந்தால், பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டுவதும் விடுபடுவதும் மேடுகளாகத் தெரியும். படிகத்தின் எந்த முகம் எந்த மேட்டைத் தரும் என்று 1960களிலிருந்தே ஆராயப்பட்டுவந்தது. 1980 இல் பிரான்சின் ஜான் கிளாவிலியே, பிளாட்டினத்தின் 111 எனக் குறிக்கப்படும் நெருங்கிய அடுக்குள்ள முகத்தில், எவரும் காணாத ஒரு வரைபடத்தை வெளியிட்டார். ஹைட்ரஜன் பகுதி தட்டையாகக் கிடந்தது. அதற்கு மேலான மின்னழுத்தத்தில் கூர்மையான புதியதொரு மேடு எழுந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே அவர் அதை வழக்கத்துக்கு மாறானது என்று குறிப்பிட்டார்.

அவருடைய செய்முறை பட்டறைத்தனமானது. பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சுடரில் உருக்கினால் சிறு மணியாகும். மெல்லக் குளிர்வித்தால் அம்மணி ஒற்றைப் படிகமாகும். அதை வேண்டிய திசையில் வெட்டி மெருகேற்றி, மறுபடியும் சுடரில் பழுக்கக் காய்ச்சி, தூய நீரில் முக்கி எடுத்து, முகத்தில் ஒட்டிய நீர்த்துளியோடேயே மின்கலத்துக்குக் கொண்டுபோனார். அந்தத் துளிதான் சூட்சுமம்: காற்றிலுள்ள கரிமம் உலோகத்தைத் தொடவிடாமல் காத்தது அதுவே. எதிர்த்தரப்பில் இருந்தவை மீயுயர் வெற்றிடக் கலங்கள். அங்கே படிகம் ஆர்கான் அயனிகளால் துப்புரவு செய்யப்பட்டு, எலக்ட்ரான் விளிம்புவளைவால் சோதிக்கப்பட்டு, பிறகே கரைசலுக்கு மாற்றப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் அங்கே பழைய வரைபடமே வந்தது, புதிய மேடு வரவில்லை. பல லட்சம் பெறுமான வெற்றிடக் கலத்தை விட்டுவிட்டு ஒரு வாயு விளக்கை நம்புவார்களா? சுடரிலிருந்து ஏதோ மாசு படிகத்தில் புகுந்துவிட்டது என்றே பலர் முடிவுகட்டினார்கள்.

தவறு கலத்துக்கும் கரைசலுக்கும் இடைப்பட்ட வழியில் இருந்தது. வெற்றிடத்தில் தூய்மையாக இருந்த படிகம் மாற்றும்போது மாசடைந்தது. அந்த மாசைப் போக்க, மின்னழுத்தத்தை ஆக்சைடு உண்டாகும் எல்லைவரை ஏற்றி இறக்குவதை மின்வேதியியலாளர்கள் வழக்கமான துப்புரவாக வைத்திருந்தார்கள். ஆக்சைடு வளர்ந்து கரையும் ஒவ்வொரு முறையும் பிளாட்டின அணுக்கள் இடம்பெயர்ந்து, சமதளமான முகம் கரடுமுரடாகிவிடுகிறது. கரடான முகம் பழைய மேடுகளைத்தான் தரும். கிளாவிலியே முதல் சுற்றிலேயே, ஆக்சைடு எல்லையைத் தொடாமல் அளந்தார். நீரின் தூய்மையும் இதில் பெரும்பங்கு பெற்றது. கனடாவில் பிரையன் கான்வே குழுவினர் 1973 இல் விவரித்தபடி, நீராவியை ஆக்சிஜனோடு கலந்து சுட்டுப் பழுத்த பிளாட்டின வலையின் வழியே செலுத்தி, அதிலுள்ள கரிமத்தை எரித்துவிட்டுக் குளிர்விக்கும் முறை இதற்கெனவே பிறந்தது. 1980களின் நடுவில், மாற்றும் வழியைச் செம்மைப்படுத்திக்கொண்ட வெற்றிடக் கூடங்களும் கிளாவிலியேயின் மேட்டைக் கண்டன.

அந்த மேட்டுக்குப் பொருள் என்ன என்ற ஆய்வு பின்பும் நீண்டது: கந்தக அமிலத்தில் அது சல்பேட் அயனிகள் ஒட்டுவதைக் காட்டுகிறது, எளிதில் ஒட்டாத பெர்குளோரிக் அமிலத்திலோ, நீர் மூலக்கூறே பரப்பில் பிரிந்து ஹைட்ராக்சில் ஒட்டுவதை மேலான மின்னழுத்தத்தில் எழும் மேடு காட்டுகிறது என்பது இன்று பெரும்பாலார் ஏற்கும் கருத்து. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒத்த உருவில் சிறகு விரிப்பதால் அவ்வரைபடத்துக்கு வண்ணத்துப்பூச்சி என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஒரு மின்வேதியியல் கூடத்தில் புதிய மின்கலம் ஒன்றை அமைத்தால், அதில் முதலில் செய்யப்படுவது பிளாட்டினத்தின் 111 முகத்தை வைத்து இந்த வண்ணத்துப்பூச்சியை வரவழைப்பதுதான். சிறகு சற்றே மழுங்கியிருந்தாலும் எவரும் கிளாவிலியேயை ஐயுறுவதில்லை. கண்ணாடிக் கலத்தை மறுபடியும் அமிலத்தில் ஊறப்போட்டு, நீரை மாற்றி, வாயுக்குழாயின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறார்கள்.